மருந்து கொண்டுவந்த கை

2021ம் ஆண்டு மார்ச் மாதம். லண்டனில் கொரோனாத் தடுப்பூசி முதியவர்களைத் தாண்டி, என்னைப்போல் ஐம்பதைக் கடந்தவர்களிடம் வந்திருந்தது. இரவு வேலையின் இடைவேளைகளில் கதை முழுவதும் ஊசியைப் பற்றியதுதான். எம்மவரில் அநேகர் அழைப்பு வந்த அன்றே பதிந்து, போட்டுவிட்டு வந்து, நோகிற கையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மாத இறுதியில் இங்கிலாந்தின் புள்ளிவிபரத் திணைக்களம் ஒரு கணக்கை வெளியிட்டது. 70 வயதுக்கு மேற்பட்ட வெள்ளைப் பிரித்தானியரில் 91.3 வீதமானோர் முதல் ஊசியைப் போட்டிருந்தனர். கறுப்பு ஆபிரிக்கரில் போட்டிருந்தவர்கள் 58.8 வீதம் மட்டுமே.

இதைக் கைத்தொலைபேசியில் வாசித்துக் காட்டிய எங்கள் ஆள் ஒருவர், கறுப்பின மக்களைக் குறிக்க எம்மவர் மத்தியில் புழங்கும் அந்தச் சொல்லைப் பாவித்து, "இவங்களுக்கு அறிவு வர இன்னும் நூறு வருசம் செல்லும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த மேசையில் வடநைஜீரியாவின் கானோ நகரத்தவர் ஒருவர் இருந்தார். என்னிலும் மூத்தவர். படித்த பெரியவர்களை அவருடைய ஊரில் 'மல்லம்' என்று அழைப்பார்கள். நாங்களும் அவரை அப்படியே அழைத்துவந்தோம். அவருக்குத் தமிழ் விளங்காது. ஆனால் அந்தச் சிரிப்பு விளங்கியிருக்க வேண்டும். பிறகு தனியே நின்ற நேரம், ஊசி போட்டாயிற்றா என்று கேட்டேன். "1996இல் நான் கானோவில் இருந்தேன்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அவருக்கு அது முழுமையான பதில். எனக்கோ 1996இல் கானோவில் என்ன நடந்தது என்பதே தெரியாது. 1996இல் எங்களுக்கு என்ன நடந்தது என்பது மட்டும்தான் தெரியும். அதன் பின் தேடித் தேடி வாசித்ததன் விளைவே இக்கட்டுரை.

* * *

1996இன் முற்பகுதியில் வடநைஜீரியாவில் மூளைக்காய்ச்சல் பெரும் தொற்றாகப் பரவியது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 11,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நைஜீரியா அப்போது இராணுவ ஆட்சியில் இருந்தது. கானோவின் தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் கட்டில்கள் போதாமல் நோயாளர் நிலத்தில் கிடத்தப்பட்டிருந்தனர். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அங்கே குளோரம்பெனிக்கோல் என்ற, விலை குறைந்த, நன்கு பரீட்சிக்கப்பட்ட மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது.

அந்த வளவுக்குள் அமெரிக்காவின் பைசர் கம்பனியின் குழுவொன்றும் வந்து இறங்கியது. ட்ரோவான் என்ற தனது புதிய மருந்தை அது சுமார் 100 பிள்ளைகளுக்குக் கொடுத்தது. ஒப்பிடுவதற்காக இன்னும் சுமார் 100 பிள்ளைகளுக்கு செவ்ட்ரியாக்சோன் என்ற வழமையான மருந்தைக் கொடுத்தது. 200 பிள்ளைகளில் 11 பேர் இறந்தனர். ட்ரோவான் எடுத்தவர்கள் 5 பேர், மற்ற மருந்தை எடுத்தவர்கள் 6 பேர். வேறு சிலர் காது கேளாமலும் கைகால் வழங்காமலும் போயினர் என்று பெற்றோர் கூறினர். சில வாரங்களில் குழு புறப்பட்டுப் போய்விட்டது. தொற்று அப்போதும் ஓயவில்லை.

இங்கே நியாயமாக இரண்டு விடயங்களைச் சொல்லவேண்டும். மூளைக்காய்ச்சல் மருந்து கொடுத்தாலும் ஆளைக் கொல்லக்கூடிய, கொல்லாவிட்டால் ஊனமாக்கக்கூடிய வருத்தம். இறப்புக்குக் காரணம் மருந்தா நோயா என்பதை இந்த எண்ணிக்கையை வைத்து மட்டும் தீர்மானிக்க முடியாது. பெற்றோரின் சம்மதத்தை வாய்மொழியாகப் பெற்றதாகவும், தான் தவறு செய்யவில்லை என்றும் கம்பனி கடைசிவரை சொல்லிவந்தது. ஆனால் பெற்றோரின் குற்றச்சாட்டு மருந்தைப் பற்றியது மட்டும் அல்ல. இது பரிசோதனை என்று தங்களுக்குச் சொல்லப்படவில்லை என்பதும், பரீட்சிக்கப்பட்ட மருந்து அதே வளவில் இலவசமாகக் கிடைத்தது என்பதைத் தாங்கள் அறியவில்லை என்பதும்தான் அவர்களின் குற்றச்சாட்டு. சாகக் கிடக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய், வெள்ளைச் சட்டை போட்ட எவரிடமும் பிள்ளையை நீட்டுவாள். அந்த நேரத்தில் அவளிடம் பெறுவதைச் சம்மதம் என்று சொல்லலாமா?

விடயம் உலகுக்குத் தெரியவந்தது 2000ம் ஆண்டு டிசம்பரில், வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை நீண்ட கட்டுரைத் தொடரொன்றை வெளியிட்டபோது. நைஜீரிய அரசு அமைத்த விசாரணைக் குழு, இது சட்டவிரோதமான பரிசோதனை என்று முடிவு செய்தது. அந்த அறிக்கையை அரசு வெளியிடவில்லை. 2006இல் அது பத்திரிகைக்குக் கசிந்த பின்னரே மக்கள் அறிந்தனர். இதற்கிடையில் ட்ரோவான் அமெரிக்காவில் வளர்ந்தவர்களுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டு, ஈரலைப் பாதிக்கிறது என்று 1999இல் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 2009இல் கானோ மாநில அரசோடு 7.5 கோடி டொலருக்கு வழக்குத் தீர்க்கப்பட்டது. 2011இல், அதாவது 15 ஆண்டுகள் கழித்து, முதல் நான்கு குடும்பங்களுக்குத் தலா 1,75,000 டொலர் கொடுக்கப்பட்டது. நட்டஈடு கோரியவர்களிடம் அடையாளத்தை உறுதிசெய்ய மரபணு மாதிரி கேட்கப்பட்டது. சிலர் கொடுக்க மறுத்தனர். நட்டஈடு தருகிற கையையும் அவர்கள் நம்பத் தயாராக இல்லை.

* * *

இனி 2003க்கு வருவோம். உலகத்திலிருந்து போலியோவை ஒழிக்கும் இயக்கம் கடைசிக் கட்டத்தில் இருப்பதாகச் சொல்லப்பட்ட காலம். கௌசா மக்கள் போலியோவை 'ஷான் இன்னா' என்பார்கள். இன்னா என்ற ஆவி உறிஞ்சிக் குடித்தது என்பது பொருள். கொப்பளிப்பானை 'அம்மாள் வருத்தம்' என்று சொல்லி வேப்பிலை கட்டி வளர்ந்த நாங்கள் இதைக் கேட்டுச் சிரிக்க இடமில்லை.

அந்த ஆண்டு நடுப்பகுதியில் வடக்கின் முஸ்லிம் தலைவர்கள் சிலர் போலியோச் சொட்டு மருந்தில் பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் பொருள் கலந்திருப்பதாகக் குற்றம் சாட்டினர். அவர்களின் முன்னணியில் நின்ற தத்தி அஹமட் ஒரு மருத்துவர். ஆகவே 'படியாத சனம்' என்ற விளக்கம் ஆரம்பத்திலேயே அடிபட்டுப் போகிறது. சில மாநிலங்கள் சொட்டு மருந்தை நிறுத்தின. மற்றவை மீண்டும் தொடங்கிய பின்னும் கானோ 2004 ஜூலை வரை, ஏறத்தாழ ஓராண்டு, விடாப்பிடியாக நின்றது.

சொட்டு மருந்து கருத்தடை மருந்து அல்ல. அது பொய். ஆனால் அந்தப் பொய் எந்த நிலத்தில் விழுந்தது என்று பார்க்கவேண்டும். ட்ரோவான் சம்பவம் நடந்தது அதே நகரத்தில், ஏழே ஆண்டுகளுக்கு முன்னர். 1988இல் நைஜீரிய அரசு ஒரு பெண்ணுக்கு நான்கு பிள்ளைகள் என்ற சனத்தொகைக் கொள்கையை அறிவித்திருந்தது. வடக்கில் அது தங்கள் தொகையைக் குறைக்கும் திட்டமாகவே பார்க்கப்பட்டது. 2003 மார்ச்சில் அமெரிக்கா ஈராக்கினுள் புகுந்திருந்தது. பக்தாத்தில் குண்டு போடுகிறவனுக்கு எங்கள் பிள்ளைகளில் ஏன் இவ்வளவு கரிசனை என்ற கேள்வி மசூதிகளில் எழுந்தது.

இவற்றைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு கேள்வி. வடநைஜீரியாவில் ஆய்வு செய்த எலிஷா ரென் போன்ற மானிடவியலாளர்கள் பதிவு செய்திருப்பது அது. தாய்மார் கேட்டார்கள்: எங்கள் பிள்ளைகள் மலேரியாவில் சாகிறார்கள், சின்னமுத்தில் சாகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் பஞ்சும் பிளாஸ்டரும்கூடக் காசு கொடுத்து வாங்கவேண்டும். குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. நாங்கள் கேட்டது ஒன்றும் வரவில்லை. கேட்காத இந்த ஒரு மருந்தை மட்டும் ஏன் வீடு வீடாக, இலவசமாக, திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறீர்கள்?

இதற்குப் பின்னால் உள்ள சரித்திரம் இதுதான். 1980களின் பிற்பகுதியில், ஒலிக்கோயே ரன்சம்-குட்டி சுகாதார அமைச்சராக இருந்த காலத்தில், நைஜீரியாவின் கிராமச் சுகாதார நிலையங்களும் தடுப்பூசி வேலையும் ஓரளவு நிமிர்ந்தன. 1990களில் இராணுவ ஆட்சியிலும் கடன் நெருக்கடியிலும் அவை சரிந்தன. 2003இல் எல்லாத் தடுப்பூசிகளும் முழுமையாகப் பெற்ற பிள்ளைகள் நாடு முழுவதிலும் 13 வீதம் மட்டுமே. நிலையம் பூட்டிக் கிடக்கிறது. தாதி இல்லை, மருந்து இல்லை. ஆனால் மாதத்தில் ஒருநாள் வாகனம் வந்து வாசலில் நிற்கிறது. இந்த நிலையில் சந்தேகப்படாதவர்தான் அதிசயம்.

* * *

ஆனால் பாதிக்கப்பட்ட மக்களின் நினைவு என்பதற்காக அதை அப்படியே தூக்கிக் கொண்டாடவும் என்னால் முடியவில்லை. காரணம், அந்த ஓராண்டின் விலையைக் கொடுத்தவர்கள் பிள்ளைகள்.

2003இல் நைஜீரியாவில் 355 போலியோ நோயாளர்கள் கண்டறியப்பட்டனர். 2006இல் அந்தத் தொகை 1,100ஐத் தாண்டியது. கிருமி எல்லை கடந்து சுமார் 20 நாடுகளுக்குப் போனது. கானோ அரசு கடைசியில் ஒரு முஸ்லிம் நாட்டின் மருந்து என்றால் ஏற்கிறோம் என்று சொல்லி, இந்தோனேசியாவில் செய்த சொட்டு மருந்தை வரவழைத்தது. ஆளுநர் இப்ராகிம் ஷெக்காராவ் தன் கைக்குழந்தைக்கே பகிரங்கமாக அதைக் கொடுத்துத் தொடக்கி வைத்தார். மறு ஆண்டு, 2005இல், பத்து ஆண்டுகளாகப் போலியோ இல்லாதிருந்த அதே இந்தோனேசியாவை நைஜீரியாவிலிருந்து கிளம்பிய கிருமி போய்ச் சேர்ந்தது. முந்நூறு பிள்ளைகள் வரையில் அங்கே முடமானார்கள். மருந்து அங்கிருந்து இங்கு வந்தது, நோய் இங்கிருந்து அங்கு போனது.

இங்கே அரசியலையும் பார்க்கவேண்டும். 2003 ஏப்ரலில்தான் தேர்தல் முடிந்திருந்தது. தெற்கைச் சேர்ந்த கிறிஸ்தவரான ஒபசான்ஜோ மீண்டும் ஜனாதிபதியானார். வடக்கின் வேட்பாளர் புகாரி தோற்றார், முடிவையும் ஏற்க மறுத்தார். ஷெக்காராவ் புகாரியின் கட்சிக்காரர். மத்திய அரசின் ஒரு திட்டத்தை மறித்து நிற்பது வடக்கின் மானத்துக்காக நிற்பது போலத் தோன்றியது. ட்ரோவான் பிள்ளைகளின் பெற்றோர் அப்போதும் நீதிமன்ற வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நீதி வாங்கிக் கொடுப்பதைவிட, அவர்களின் நினைவை வைத்து மத்திய அரசோடு மோதுவது தலைவர்களுக்கு இலகுவாக இருந்தது. மக்களின் காயம் உண்மை. அதன் பெயரில் பேசுகிறவர்களின் கணக்கு வேறு. இதை எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

காயத்தை உண்டாக்குகிறவர்களும் ஓய்வதில்லை. 2011இல் பின்லாடனைத் தேடிய அமெரிக்க உளவுத்துறை, பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் ஈரல் அழற்சித் தடுப்பூசி என்ற பெயரில் ஒரு போலி ஊசித் திட்டத்தை நடத்தியது. விடயம் வெளிவந்தது. 2012இல் வஜிரிஸ்தானில் போலியோ மருந்து தடைசெய்யப்பட்டது. அந்த டிசம்பரில் சொட்டு மருந்து கொடுக்கப் போன பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2014இல் பாகிஸ்தானில் போலியோ நோயாளர் தொகை 306 ஆகியது. அந்த ஆண்டுதான் வெள்ளை மாளிகை, இனித் தடுப்பூசித் திட்டங்களை உளவுக்குப் பாவிப்பதில்லை என்று அறிவித்தது. 'மருந்தின் பெயரில் வேறேதோ செய்கிறார்கள்' என்ற வதந்தியை ஒரு வல்லரசே உண்மையாக்கிக் காட்டியது.

* * *

கானோவின் கதை அத்தோடு முடியவில்லை. 2013 பெப்ரவரியில் கானோவிலும் சொட்டு மருந்து கொடுக்கும் பெண்கள் ஒன்பது பேர் கொல்லப்பட்டனர். ஆனாலும் வேலை நிற்கவில்லை. சொல்ஜர்மாரோ வெளிநாட்டு நிபுணர்களோ அதை முன்னெடுக்கவில்லை. எமீர்கள் என்ற பாரம்பரியத் தலைவர்களும், மசூதி இமாம்களும், அந்தந்த ஒழுங்கையிலேயே வாழ்ந்த பெண்களும் வீடு வீடாகப் போனார்கள். போலியோவால் கால் இழந்தவர்கள் மூன்று சில்லு வண்டியில் வந்து தங்கள் காலைக் காட்டிப் பேசினார்கள். சொட்டு மருந்தோடு காய்ச்சல் மருந்தும் கொடுக்கப்பட்டது. கானோவின் கடைசிப் போலியோ நோயாளர் 2014 ஜூலையில் கண்டறியப்பட்டார். நைஜீரியாவின் கடைசி நோயாளர்கள் 2016இல், போர் நடந்த போர்னோ மாநிலத்தில். 2020 ஓகஸ்ட் 25இல் ஆபிரிக்கக் கண்டம் இயற்கைப் போலியோக் கிருமியிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. ட்ரோவானை மறக்கும்படி யாரும் அந்த மக்களைக் கேட்கவில்லை. மருந்தைக் கொண்டுவருகிற கையைத்தான் மாற்றினார்கள்.

இந்த இடத்தில்தான் எங்கள் சொந்தக் கதை எனக்குப் புதிராகப்பட்டது. நெருக்கடியை அனுபவித்த மக்கள் ஊசியை மறுப்பார்கள் என்பது விதியென்றால், நாங்களல்லவா முதலில் மறுத்திருக்க வேண்டும்?

1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த இலட்சக்கணக்கானோரில் என் குடும்பமும் ஒன்று. 1997இல் மல்லாவிப் பக்கம் கொட்டிலில் இருந்தோம். மகளுக்கு இரண்டு வயது. மேலே விமானம் அனுப்புகிறதும் அந்த அரசாங்கம்தான். மருந்துக்குத் தடை போடுகிறதும் அதுதான். போலியோச் சொட்டு மருந்தை அனுப்புகிறதும் அதே அரசாங்கத்தின் சுகாதாரத் திணைக்களம்தான். இலங்கையில் 1995 முதல் தேசிய சொட்டு மருந்து நாட்கள் நடந்தன. ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியத்தின் முயற்சியால், அந்த நாட்களில் இரு தரப்பும் சண்டையை நிறுத்தின. 1985இல் எல் சல்வடோரில் தொடங்கிய வழக்கம் இது. அங்கே அதற்கு 'அமைதி நாட்கள்' என்று பெயர்.

பள்ளிக்கூட மரத்தின் கீழ் ஐஸ் பெட்டி வைத்திருந்தார்கள். வரிசை வெள்ளணவே தொடங்கிவிட்டது. இந்த மருந்தில் சிங்கள அரசாங்கம் ஏதாவது கலந்திருக்குமோ என்று அந்த வரிசையில் ஒருவரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. உணவுப் பொதியில், குடிதண்ணீரில், ஏன் வானொலிச் செய்தியில்கூடச் சந்தேகப்பட்ட நாங்கள் இதில் மட்டும் சந்தேகப்படவில்லை. ஏன்?

எங்கள் படிப்பறிவு என்று பெருமைப்பட நான் தயாரில்லை. என்னுடைய விளக்கம் எளிமையானது. அந்தப் பெட்டிக்குப் பின்னால் இருந்த மருத்துவமாதுவை எங்களுக்குத் தெரியும். அவவும் எங்களோடு இடம்பெயர்ந்து வந்தவ. முதல் மாதம் என் மனைவியின் வயிற்றுப் புண்ணுக்கு மருந்து தேடித் தந்தவ. கர்ப்பிணிகளைச் சைக்கிளில் தேடிப் போய்ப் பார்த்தவ. சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது, சில மாதங்கள் வராமலும் இருந்தது. அவ வந்துகொண்டே இருந்தா. இலங்கையில் பத்து இருபது ஆண்டுகளாக, ஒவ்வொரு ஊரிலும், போட்ட ஊசியைச் சிறு அட்டையில் பதிந்து வைத்த அப்படியான பெண்கள் சேர்த்த நம்பிக்கை அது. அரசாங்கமும் அதைத் தந்ததில்லை, இயக்கமும் தந்ததில்லை. இலங்கையின் கடைசிப் போலியோ நோயாளர் 1993இல் பதிவானார். இத்தனை போருக்குள்ளும் அது திரும்பி வரவில்லை என்றால் அந்தப் பெண்களுக்கும் அதில் பெரிய பங்குண்டு.

ஆகவே நெருக்கடியின் நினைவு தனியே ஒன்றையும் தீர்மானிப்பதில்லை என்றே நான் நினைக்கிறேன். நெருக்கடியின்போது மருந்தைப் பிடித்திருந்த கை என்ன செய்தது, மற்ற நாட்களில் அந்தக் கை எங்கே இருந்தது என்ற இரண்டையும்தான் மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். கானோவில் அந்தக் கை ஒருமுறை பிள்ளைகளைப் பரிசோதனைக்கு எடுத்தது, பிறகு காணாமல் போனது, பிறகு ஒரேயொரு மருந்தோடு வந்தது. வன்னியில் அந்தக் கை கூடவே இருந்தது.

இந்த நம்பிக்கையும் உடையக்கூடியதுதான். 2013 ஓகஸ்ட் இறுதியில் கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்குக் கரையோரக் கிராமங்களில் தாய்மார் கிளினிக்குக்கு அழைக்கப்பட்டு, அங்கே கையின் தோலுக்குக் கீழ் வைக்கும் கருத்தடைக் குச்சிகளை ஏற்கும்படி வற்புறுத்தப்பட்டார்கள் என்ற செய்திகள் வெளிவந்தன. முள்ளிவாய்க்காலில் பிள்ளைகளைப் பறிகொடுத்து நான்கே ஆண்டுகள் ஆன பெண்கள் அவர்கள். அடுத்த முறை பிள்ளைக்கு ஊசி என்று அழைப்பு வரும்போது அதில் ஒருத்தி தயங்கினால், அவளை அறிவில்லாதவள் என்று சொல்வோமா? அவளுக்கு ஒரு நீதி, கானோத் தாய்க்கு வேறு நீதியா?

* * *

மல்லம் 2021 ஜூனில் ஊசி போட்டுக்கொண்டார். தொலைக்காட்சி விளம்பரங்களோ எங்கள் புத்திமதியோ காரணம் அல்ல. அவருடைய மனைவியின் சலரோகத்தை எட்டு வருடமாகக் கவனித்து வந்த தாதி தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறா. பயம் போய்விட்டதா என்று கேட்டேன். "போகவில்லை. ஆனால் அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும்" என்றார்.

அன்றைய சிரிப்புக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்க நினைத்து, கேட்காமலே விட்டுவிட்டேன். அவருக்கு விளங்காத மொழியில் சிரித்ததற்கு எந்த மொழியில் மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. எனவே விளங்குகிறவர்களுக்காக இதை எழுதினேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். போர்க்காலத்தில் வன்னியிலும் கிழக்கிலும் மருத்துவமாதுக்களாக, பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களாக வேலை செய்த பலர் இன்று இலண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் ஓய்வுபெற்று இருக்கிறார்கள். தளபதிகளின் வரலாறு எழுதியாயிற்று. இவர்களுடையது எழுதப்படவில்லை. நான் சொன்ன விளக்கம் பிழையென்றால் அதை மறுத்துச் சொல்லக்கூடியவர்களும் அவர்கள்தான். எழுதுங்கள்.